தூள் அண்ணன் வரைந்த முகம்

கண்டியில் எங்கள் தெருவிலிருந்த தூள் அண்ணனிடம் மிளகாய் அரைக்கக் கொடுத்துவிட்டு, தன் முகத்தைப் பற்றிய நம்பிக்கையோடு வீடு திரும்பியவர் ஒருவரும் இல்லை. அழகி என்று பெயரெடுத்தவர்கள் எல்லாம் வாடிய முகத்தோடு போயிருக்கிறார்கள். பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மில்லின் யன்னல் கண்ணாடியில் தன்னையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் கண்டேன்.

தூள் அண்ணனுக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அதைப் பாவித்தவர் யாரும் இல்லை. மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி என்று எதைக் கொண்டுபோனாலும் தூளாக்கித் தருகிறவர் என்பதால் தெருவுக்கெல்லாம் அவர் தூள் அண்ணன்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, மாற்றலாகி வந்து, அந்த மில்லுக்கு மேலேயிருந்த அறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். கீழே மில் ஓடத் தொடங்கினால் மேலே என் கட்டில் தானாகவே யன்னல் பக்கம் நகரும். வேலை முடிந்து வந்ததும் அதை மறுபடி சுவரோரம் தள்ளிவைப்பது என் அன்றாடக் கடமைகளில் ஒன்று.

எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்போம். அவர் கதையைச் சொன்னால் தூள் அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குப் பிடிபடும். ஒருநாள் நானா மல்லி அரைக்க வந்து நின்றார். தூள் அண்ணன் மில்லை நிறுத்தினார். ஒரு கண்ணை முழுதாகவும் மற்றதைப் பாதியாகவும் மூடிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார்.

"நானா, கொஞ்சம் அசையாதீங்க. உங்க தாடைக்குக் கீழ பச்சை இருக்கு."

"பச்சையா? எங்க?"

"கன்னத்துக்கும் தாடிக்கும் நடுவுல. நல்ல பச்சை. காது மட்டும் செவப்பு."

மருந்து விற்கிறவருக்கே பயம் வந்துவிட்டால் யார் தைரியம் சொல்வது? நானா அன்றைக்கே கடையைப் பூட்டிக்கொண்டு போய் இரத்தம் சோதித்தார். முடிவு வந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்கட வீட்டுக்கார மனிசனுக்குக் கொஞ்சம் செல்லுங்க. டொக்டர் நல்லாப் பாத்திட்டார். எனக்கு ஒரு பச்சையும் இல்லயாம். ரத்தம் சுத்தமா ஈக்காம்!"

நான் போய்ச் சொன்னேன். தூள் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிக்காதவர். "டொக்டர் அவர யன்னல் பக்கமா உட்கார வச்சுப் பார்த்தாரா, லைட்டுக்குக் கீழ வச்சுப் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் இதுதான். மனிதர் எண்ணெய் வர்ணத்தில் ஆள் உருவம் வரையப் பழகிக்கொண்டிருந்தார். உள்ளது உள்ளபடி, உயிரோடு இருப்பது போன்ற முகம். மாநிறத் தோலில் நிழல் விழும் இடத்தில் மெல்லிய பச்சை தெரியும் என்பதும், கண்ணுக்குக் கீழே ஊதா இருக்கும் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரியவந்திருந்தன. கண்டுபிடித்ததை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. கண்டவரிடமெல்லாம் சொன்னார்.

இந்த வயதில் ஏன் இந்த ஆசை என்று கேட்டீர்களானால், அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

தூள் அண்ணனை வளர்த்தது அந்த அக்காதான். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தம்பியை ஆளாக்கினார். தம்பி கண்டியில் மில் போட்டதும் கூடவே வந்துவிட்டார். கலியாணம் அக்காவும் முடிக்கவில்லை, தம்பியும் முடிக்கவில்லை. நான் குடிவந்த காலத்தில் அக்காவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணுக்கு ஏறியிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் உள்ளே பார்வை ஓரமோரமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது. கிளினிக்கில் லேசர் அடித்தார்கள். இது போவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்கா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தார். தம்பிக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஒரே எண்ணம்தான். பார்வை போவதற்கு முன்னால் அக்காவுக்கு அக்காவைக் காட்டிவிட வேண்டும்.

"தம்பி, அவங்க அவங்க மூஞ்சிய ஒழுங்காப் பார்த்ததே இல்ல. தோட்டத்து லயத்து வீட்டுல கையகல கண்ணாடித் துண்டு. பொட்டு வைக்க நெத்தி தெரிஞ்சா போதும்னு இருந்துட்டாங்க. இப்ப அதுவும் இல்லாம போகப்போவுது."

முதலில் அவர் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். அக்காவை டவுனிலுள்ள ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, பெரிதாக்கி வாங்கி வந்தார். ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல முகத்தை வெள்ளையாக்கி, சுருக்கங்களைத் துடைத்து, உதட்டுக்குக் கொஞ்சம் ரோசாவும் போட்டிருந்தார். அக்கா படத்தை மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யாருடா இந்தம்மா? நல்ல வசதியான எடத்துப் பொம்பள மாதிரி தெரியுது."

தூள் அண்ணன் படத்தைத் திருப்பிக்கொண்டுபோய், இருக்கிற நிறத்தில் தரும்படி கேட்டார். "ஆளக் கறுப்பாக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல அண்ணே" என்று ஸ்டூடியோக்காரர் கையை விரித்தார். தூள் அண்ணன் தன்னுடைய போனில் எடுத்துப் பார்த்தார். போனும் தன் பங்குக்கு அக்காவின் கன்னத்தை மெழுகிவிட்டது. அன்று மாலை மில்லை மூடிவிட்டு என் அறைக்கு ஏறி வந்தார்.

"எந்திரத்துக்கு அக்காவத் தெரியாது தம்பி. நான்தான் வரையணும்."

அதுவரை அவர் வரைந்திருந்தது மில்லின் பெயர்ப்பலகையில் இருந்த மிளகாய் ஒன்றுதான். அதைப் பார்த்தவர்கள் கத்தரிக்காய் என்பார்கள்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. உங்களுக்குத் தெரியும், எங்கள் வீடுகளில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறவர்கள் எல்லோரும் போய்ச்சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டு ஹோலிலும் அப்பாவின் படம் ஒன்று, பிளாஸ்டிக் மாலையோடும் சின்னச் சிவப்பு பல்போடும் இருந்தது.

"உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்குடா படம்? அப்பா பக்கத்துல என்னைய மாட்டி வச்சா, சீக்கிரம் வாடின்னு கூப்பிடுற மாதிரி இருக்காதா?"

"இல்லக்கா, நீ பார்க்கணும்னுதான்..."

"நான் என்னத்தப் பார்க்க? போயி வேலையப் பாரு."

தூள் அண்ணன் என்னிடம் வந்து முறையிட்டார். "செத்ததுக்கப்புறம் மாட்டுனா ஊரே பார்க்குது. அந்தாளு ஒருத்தருதான் பார்க்க முடியாது. இது என்ன நியாயம் தம்பி?"

கச்சேரியில் எத்தனையோ முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். இந்த முறைப்பாட்டை மட்டும் எந்தப் பைலில் போடுவதென்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா இசையும் வரைக்கும் என்னை வரைந்து பழகுவதென்று தீர்மானமாயிற்று. போனில் வீடியோ பார்த்துப் பழகினார். அதில் ஒரு வெள்ளைக்காரர் நின்று, நிறம் கலப்பதிலிருந்து மூக்கு நிமிர்த்துவது வரைக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆங்கிலம் அண்ணனுக்கு ஓடாது. நான் வேலைவிட்டு வந்து முகம் கழுவ முன்னமே, அந்தாள் என்ன சொல்கிறார் என்று கேட்டு நிற்பார். வெள்ளை நிறையப் போடு, அதில் மஞ்சள் தொடு, சிவப்புக் கொஞ்சம் சேர், அதுதான் தோல் நிறம் என்று வெள்ளைக்காரர் சொன்னார். நானும் மொழிபெயர்த்தேன். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

மில்லின் மூலையில் ஒரு கதிரையில் என்னை இருத்தினார். காற்றெல்லாம் மிளகாய்த் தூள்.

"அண்ணை, கழுத்து நோகுது. தும்மலும் வரப்பாக்குது."

"தும்முனா மூக்கு போயிரும். அசையாதீங்க."

நான் தும்மினேன். மூக்கு போயிற்று. மறுபடி வரைந்தார். பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று அந்தப் படம் ஒருவழியாக முடிந்தது. எண்ணெய் வர்ணம் லேசில் காயாது. காயும்வரை பறந்துவரும் தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. அதனால் என் படத்தைக் கிட்டே நின்று ரசித்தவர்கள் எல்லோரும் தும்மினார்கள். மருந்துக்கடை நானா தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், யார் இந்த வெள்ளக்காரன்?" என்று கேட்டார்.

அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். படத்தில் இருந்தவர் யாழ்ப்பாணத்தான் இல்லை. இளஞ்சிவப்புக் கன்னமும் வெளிறிய நெற்றியுமாக, என் மீசையை இரவல் வாங்கிய ஒரு தோட்டத்துத் துரை இருந்தார்.

அன்று பின்னேரம் அக்கா தேத்தண்ணியோடு மில்லுக்குள் வந்தார். சுவரில் சாய்த்திருந்த படம் மங்கலாக அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சட்டென்று தட்டைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து ஓரமாக ஒதுங்கி நின்றார். துரை போகட்டும் என்று வழிவிட்டு நிற்பது போல நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தூள் அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"அக்கா, அது படம்க்கா. நம்ம தம்பி."

"அட, தம்பியா? நான் யாரோ தொரைன்னுல்ல..." என்று அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவர் போனபின் தூள் அண்ணன் அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். "நானும் அந்த ஸ்டூடியோக்காரன் செஞ்ச வேலையத்தான் செஞ்சிருக்கேன்" என்றார். எழுந்து, வெள்ளை வர்ணக் குழாயை என் கையில் தந்தார். "இத நீங்க வச்சிருங்க. நான் கேட்டாலும் குடுத்திராதீங்க."

அன்றிலிருந்து வெள்ளைக்காரரின் வீடியோவை நிறுத்திவிட்டார். மில்லுக்கு வரும் தூள்களைப் பார்க்கத் தொடங்கினார். மீன் குழம்புக்கு இளவறுவல், இறைச்சிக்குக் கருவறுவல் என்று ஒவ்வொரு வீட்டுத் தூளும் ஒவ்வொரு மண்ணிறம். ஒரே வறுத்த தூளை மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஊதாவாகத் தெரிந்தது. மிளகாய்த் தூளுக்குப் பக்கத்தில் வைத்தால் பச்சையாகத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் தூளைக் கேட்டு வாசலில் கத்திக்கொண்டிருக்க, இவர் அதைக் கடதாசியில் பரப்பி யன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளையிலிருந்து இருட்டுக்குப் போகக் கூடாது, இருண்ட மண்ணிறத்தைப் பலகை முழுக்கப் பூசிவிட்டு அதிலிருந்து வெளிச்சத்தை மெல்ல மெல்ல எழுப்ப வேண்டும் என்று அவர் விளங்கிக்கொண்டது இப்படித்தான். அதற்கிடையில் ஒரு கலியாண வீட்டுத் தூளில், வர்ணம் கரைக்கிற டேர்பன்டைன் மணம் ஏறிப்போய், மாப்பிள்ளை வீட்டார் கறியை மோந்துவிட்டு மண்டபத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறீர்களா என்று கேட்டார்களாம்.

அக்கா மட்டும் இசையவில்லை. கடைசியில் தூள் அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். பின்னேரங்களில் அக்கா மில் வாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளுவார். அவருக்குப் பக்கத்தில் என்னை இருத்தி, தம்பியை மறுபடி வரைகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரை வரைந்தார்.

அதன்பிறகு என் பாடு பெரும் பாடாயிற்று.

"தம்பி, தலைய இடப்பக்கம் திருப்புங்க!" என்பார். நான் திருப்புவேன். "நீங்க இல்ல... ஆ, நீங்கதான், திருப்புங்க!" என்று தடுமாறுவார். அக்கா ஒரு நாள் குனிந்தால் "தம்பி, நிமிருங்க!" என்று என்மேல் எரிந்து விழுவார். நான் ஏற்கெனவே கம்பாக நிமிர்ந்திருப்பேன். என் தலையிலிருந்து ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்துக்கொண்டு அவர் வரைவதைக் கண்ட தெருவார், அண்ணனுக்கும் கண் போய்விட்டது என்று கவலைப்பட்டார்கள்.

நடுவில் அவர் என் அறைக்கு வந்து வெள்ளை கேட்டார். நான் மறுத்தேன்.

"முடிக்கு மட்டும் தம்பி. அக்காவுக்கு நரைச்சிருக்குல்ல. ஒரு மொளகு அளவு."

மிளகளவு பிதுக்கிக் கொடுத்தேன். அதைத் தீர்த்தத்தை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.

ஆனால் காலம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மழை பிடித்தது. கண்டி மழையில் துவைத்த சட்டையே காயாது, எண்ணெய் வர்ணம் எங்கே காயப்போகிறது? ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. பொறுமையில்லாமல் ஈரத்தின்மேல் பூசி, முகம் முழுக்கச் சேறாகி, ஒருநாள் கத்தியால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அந்த வாரம் அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது அது கோப்பையில் விழவில்லை, மேசையில் விழுந்தது. அக்கா கையால் தடவிக் கோப்பையைத் தேடி, மறுபடி சரியாக ஊற்றினார். தூள் அண்ணன் எழுந்துபோய்ப் பலகையைத் தூக்கி மில் மோட்டரின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"முடிஞ்சிருச்சாடா?"

"என்னக்கா?"

"என்னைய வரைஞ்சது."

தூள் அண்ணனின் கையிலிருந்து தூரிகை விழுந்தது. நான் கதிரையைவிட்டு எழுந்துவிட்டேன்.

"நீ தம்பியப் பார்த்து வரையிறியா, என்னையப் பார்த்து வரையிறியான்னு தெரியாத அளவுக்கா எனக்குக் கண்ணு போச்சு? பாவம், அந்தப் புள்ளைக்குக் கழுத்தே ஒடிஞ்சிருக்கும். நான் எதுக்கு எல்லா நாளும் இந்தச் சேலையவே கட்டிக்கிட்டு ஒக்கார்றேன்? கொண்டா இங்க."

தூள் அண்ணன் பலகையைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தார். அக்கா அதை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முகத்தை மிகக் கிட்டக் கொண்டுபோனார். பார்வையில் எஞ்சியிருந்தது ஒரு சின்ன வட்டம்தான். அந்த வட்டத்தை நெற்றியில் வைத்துத் தொடங்கினார். நெற்றியிலிருந்து புருவம், புருவத்திலிருந்து கன்னம், அங்கிருந்து வாய், தாடை என்று துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். மில் ஓடவில்லை. வாசலில் தூள் வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது நான் இல்லடா" என்றார் அக்கா.

தூள் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. "இல்லக்கா, நல்லாப் பாரு... பச்சை கொஞ்சம் கூடியிருச்சா?"

"அம்மாடா இது."

தூள் அண்ணன் குனிந்து பலகையை எட்டிப் பார்த்தார்.

"ஒனக்கு நெனவு தெரியிறதுக்கு முந்தியே போயிட்டா. ஒரு போட்டோவும் இல்ல. அம்மா எப்பிடிக்கா இருப்பாங்க, எப்பிடிக்கா இருப்பாங்கன்னு சின்னதுல என் உசுர வாங்குவ. எனக்குச் சொல்லத் தெரியாது. என்னன்னு சொல்றது? இந்தா, இப்பிடித்தான் இருந்தா. இந்த வாய்தான். வயசு கொறச்சல்தான். மலையில வெயிலும் பனியும் குடிச்சு, அந்த வயசுலயே மூஞ்சி இப்பிடி ஆயிருச்சு."

பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டார். "சட்டம் போட்டு அப்பா பக்கத்துல மாட்டு."

"அக்கா, அது நீதான்க்கா. உன்னைய மாட்டக் கூடாதுன்னு நீதானே..."

"என்னையத்தான் மாட்டக் கூடாது. அம்மாவ மாட்டுறதுக்கு என்னடா?"

படம் சுவருக்குப் போயிற்று. அப்பாவுக்கு இருந்தது போலவே மாலையும் பல்பும் வந்தன. அதைத் தற்செயலாகக் கண்ட மருந்துக்கடை நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இதென்ன தம்பி, ஒரு வார்த்த செல்லல்லயே, எப்ப நடந்த?" என்று என் கையைப் பிடித்தார். அந்நேரம் பார்த்து அக்கா உள்ளேயிருந்து, "நானா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். நானா கதிரையைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

அன்று எல்லோரும் போனபின் தூள் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றார். "நான் நெனச்சது நடக்கல தம்பி. அக்கா அக்காவப் பார்க்கவே இல்ல" என்றார். சொன்னாரே தவிர, படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலை நரைத்த அந்த மனிதர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓசைப்படாமல் படியேறி என் அறைக்குப் போனேன்.

இப்போது அக்காவுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். காலையில் ஹோலில் அம்மாவின் படத்துப் பல்பு எரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உலை வைக்கிறாராம். எனக்கு மாற்றல் வந்து கண்டியை விட்டுக் கிளம்பிய காலையில், பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தைக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற அக்காவைக் கும்பிட்டேன். அந்த முகத்தை எங்கள் எல்லோருக்கும் காட்டிய மனிதரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது. வெட்கமாக இருந்ததால் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன், பஸ் வரும்வரைக்கும் விடவில்லை.